எண்ணிக்கைத் தாள்

வியாழக்கிழமை. காற்றில்லை.
கழியின் வடக்கு மூலை, இடுப்பளவுத் தண்ணீர்.
ஒரு கையில் எழுதுபலகை, மறு கையில் கயிறு,
கயிற்றில் மீட்டருக்கொரு முடிச்சு.
ஐம்பது முடிச்சு தாண்டி
கடற்குதிரை எத்தனை என்று எழுத வேண்டும்.

பூஜ்யம்.

கட்டத்தை வெறுமையாய் விட்டால்
நான் போகவே இல்லை என்று நினைப்பார்கள்.
அதனால் அழுத்தி எழுதுகிறேன்,
ஈரத்தாளில் பென்சில் முனை ஒடிய.

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை
மீன்கள் கரைக்கு நடந்து வந்தன.
நடந்து என்றுதான் சொல்ல வேண்டும்.
விலாங்கு, இறால், நண்டு, விரல் நீளக் குஞ்சுகள்,
ஒன்றையொன்று தின்ன மறந்து
விளிம்புத் தண்ணீரில் வாய் பிளந்து
காற்றைக் கேட்டபடி.
விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள்
மணல் வாளிகளில் அள்ளி அள்ளி
எங்கே விடுவதென்று தெரியாமல் நின்றார்கள்.
ஒரு சிறுமி குழாயடிக்கு ஓடினாள்.
கால் கழுவும் நல்ல தண்ணீர்க் குழாய்.
யாரும் அவளைத் தடுக்கவில்லை.
எனக்கும் வாய் வரவில்லை.

சாலைக்கு அப்பால் பச்சை.
லெட்டூஸ், கண்ணுக்கெட்டிய தூரம்.
அத்தனை பச்சை முர்சியாவின் வறண்ட மண்ணுக்குச் சொந்தமில்லை.
மூட்டை மூட்டையாய் நைட்ரேட் தின்று
லாரியேறி
பனி விழும் ஊர்களின் மேசைக்குப் போகிற பச்சை.
மிச்சம் கழிக்கு.
கழிக்கும் அதே நிறம் ஒட்டிக்கொண்டது.
வெளிச்சம் அடிவரை போகவில்லை.
கடற்புல் அழுகியது.
புல்லைச் சுற்றிப் பிடித்திருந்த வால்கள்
இனி எதைப் பிடிக்கும்?

அன்றிரவு லாசென் வந்தான்.
பத்து வருடமாய் அந்த வயல்களில் குழாய் பதிப்பவன்.
குடியுரிமைக் காகிதம் கைக்கு வர
இன்னும் இரண்டு மாதம் பாக்கி.
உட்காரவில்லை.
விதைப் பொட்டலமொன்றைக் கிழித்து விரித்து
பின்பக்கத்தில் கோடு போட்டான்:
இது கிணறு.
இது உப்பு பிரிக்கும் எந்திரம், கொட்டகைக்குள்.
கழிவு இந்த வழி.
"ஒன்றரை ஆள் ஆழம், செனோரா ஃபுவென்சாந்தா.
நான்தான் புதைத்தேன்.
தெரியாமலிருக்க மேலே ஒரு வரிசை மாதுளை."

அவன் பேனா நின்ற வயல்
என் தம்பி ஹினேஸுடையது.
லாசெனுக்கும் தெரியும்.
அதனால்தான் என்னிடம் வந்தான் என்று நினைக்கிறேன்.
அல்லது அதனால்தான்
மூன்று வருடம் வராமலிருந்தான்.

அந்த மாதுளைகளை நான் தின்றிருக்கிறேன்.
நவம்பர்தோறும் கூடையாய் அனுப்புவான்.
நல்ல சிவப்பு.

படத்தை என் கையெழுத்தில் மறுபடி வரைந்தேன்,
லாசெனின் கை அதில் தெரியக் கூடாதென்று.
கோணலாய் வந்தது. மூன்று தாள் வீணானது.
பொட்டலத்தை அடுப்பில் போட்டேன்.
காலையில் நீர்வள அலுவலகத்தில்
முத்திரை வைத்த பெண்
வயல் சொந்தக்காரர் பெயரைப் படித்து,
என் பெயரைப் படித்து,
ஒன்றும் கேட்கவில்லை.

எந்திரத்துக்குச் சீல் வைத்த அன்று
ஹினேஸ் தொலைபேசியில் அழைத்தான்.
பேசவில்லை.
பின்னணியில் தெளிப்பான்கள்
ட்சிக், ட்சிக் என்று சுற்றும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.
நானும் வைக்கவில்லை.

மறுபடி வியாழன்.
பூஜ்யம்.
அதற்கடுத்த வியாழனும்.
இந்த வருடம் கூடை வரவில்லை.

இன்று முப்பத்தோராவது முடிச்சில்
குனிந்தபோது
என் பாதம் எனக்குத் தெரிந்தது.
மங்கலாகத்தான், நகங்கள் தெரியவில்லை.
குறிப்புப் பகுதியில் இதையெல்லாம் எழுதலாமா
என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.
எழுதினேன்.