வாசனை நோட்டு

நாற்பது பக்க நோட்டு. எர்ணாவூர் ரேஷன் கடைக்குப் பின்னால்
கூடிப் பேசி, என் கையில் திணித்தார்கள்.
எனக்குத் தூக்கம் வராதது தெருவுக்கே தெரியும்.

மார்ச் 3, இரவு 2.10. அழுகிய முட்டை.
மார்ச் 4, 1.45. கேஸ் கசிந்த மாதிரி. சம்சுகனியின் பிள்ளை வாந்தி.
மார்ச் 9. ஒன்றுமில்லை. தூங்கிவிட்டேன்.

அதிகாரி புரட்டிப் பார்த்தார்.
"நாத்தத்துக்கு ஆதாரம் ஏதும்மா?"
டில்லிபாபு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

ஆய்வுக்கு வந்தார், பகல் பன்னிரண்டு மணிக்கு.
பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி
தெருவைத் துடைத்து வைத்திருந்தது கடல்காற்று.
பக்கிங்காம் கால்வாய்கூட அன்றைக்குச் சமத்து.
இழுத்து மூச்சு விட்டார்.
'குறை ஏதும் காணப்படவில்லை.'
கோமளா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

போன வருஷம் மழைநீர் வடிகால் கேட்டோம்,
தெருவிளக்கு வந்தது.
தேங்கிய தண்ணீர் இப்போது பளிச்சென்று தெரிகிறது.
அந்த வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம்
பதினோரு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகளில்,
இரவு ஒன்றரைக்கு.

எஸ்தர் அவர் நம்பரை அழுத்தி
ஸ்பீக்கரில் போடுகிறாள்.
மணி அடிக்கிறது.
அடித்துக்கொண்டே இருக்கிறது.
மணலிப் பக்கமிருந்து
காற்று திரும்புகிறது.