பாதி குடித்த பால்

ஜூன் மாதத்தில் யாராவது
பனிக்காலணி எடுத்துவைப்பார்களா?
தாவெத் எடுத்துவைத்திருந்தான்.
கம்பளிக் குல்லா, பள்ளிப் புத்தகம், பல்துலக்கி,
அவன் வரைந்து நாங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த
மூன்று கால் நாய்,
அதைப் பிடித்திருந்த காந்தமும்.

நாலு நாள்தான்டா, என்றேன்.
தீவுக்குப் போகிறோம். பெரிய நெருப்பு மூட்டுவார்கள்.
சனிக்கிழமை இங்கே இருப்போம்.
தலையாட்டினான்.
பையின் வாயை இறுக்கியபடியே
பேருந்து எண் கேட்பதுபோலக் கேட்டான்:
"அங்க யாரு வீடு?"

உர்மாஸ் வெளியே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு முன் மூன்று வீடுகள்.
தேதி வாரியாகக் கோப்பில் இருக்கிறது.
ஒவ்வொரு முறையும் யாரோ அவனிடம்
ஊர் சுற்றப் போகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.
அது கோப்பில் இல்லை.

விர்த்சு துறையில் காரோடு கப்பலேறினோம்.
வாஃபிள் விற்றவள் அவன் கன்னத்தைத் தட்டி,
"அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்" என்றாள்.
உர்மாஸ் சில்லறையைத் தவறவிட்டான்.
தாவெத் நிமிர்ந்து
அவன் மூக்கை, தாடையை, புருவத்தை
ரசீது சரிபார்ப்பதுபோல் பார்த்து முடித்து
அவளிடம் சொன்னான்:
"காது மட்டும்."

தீவில்
நெருப்பு பனைபோல் நின்று எரிந்தது என்று சொல்ல ஆசை.
உண்மையில் மழை. விறகு புகைந்தது.
உர்மாஸின் அத்தை மகள் பிர்யோ
மண்ணெண்ணெய் ஊற்றித் திட்டிக்கொண்டே எரியவைத்தாள்.
தாவெத் நான்கு சாஸேஜ் தின்றான்.
ஐந்தாவதைச் சட்டைப்பைக்குள் நுழைத்தான்.
பார்த்துவிட்டேன் என்பதைப் பார்த்துவிட்டான்.
ஒரு காகிதம் கிழித்துக் கொடுத்தேன்:
சுத்திக்கோ, எண்ணெய் படும்.

அந்த இரவு அங்கே இருட்டாவதில்லை.
ஜன்னலுக்குப் போர்வை கட்டியும்
ஓரத்தில் வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது.
எப்ப இருட்டும், என்றான்.
இன்னிக்கு இருட்டாது.
"அப்ப விடியவும் விடியாதா?"
விடியாது என்று பொய் சொன்னேன்.
விடிந்ததும்தான் கார் வரும், அவனுடைய கணக்கில்.
அன்று நன்றாகத் தூங்கினான்.
நான் தூங்கவில்லை.

சனிக்கிழமை கார் சாவியைக் காணோம்.
புல், மணல், மீன் புகைபோடும் தகரப்பெட்டி,
பிர்யோவின் நாய் படுக்கிற சாக்கு.
ஒரு மணி நேரம்.
கப்பல் போய்விட்டது.
நான் கத்தினேன். கத்தக்கூடாதென்று
பயிற்சி வகுப்பில் ஆறு வாரம் படித்த அதே தொண்டையால்.
பிறகு சௌனா அறைக்குப் பின்னால் போய்
சுவரைப் பார்த்து நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

உர்மாஸ்தான் கண்டுபிடித்தான்,
இடது பனிக்காலணியின் விரல்பக்கத்தில்.
ஏன் என்று கேட்கவில்லை.
தாவெத்தின் கையிலேயே சாவியைத் திருப்பி வைத்து,
"துறை வரைக்கும் நீயே வச்சிரு.
நீ இல்லாம வண்டி நகராது" என்றான்.
துறைக்கு வந்தும் அவன் கொடுக்கவில்லை.
வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி எப்படி அவனிடம் என்றால்,
வீட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுத்திருந்தோம்.

டார்ட்டு வந்து சேர்கையில் இரவு பதினொன்று.
இன்னும் வெளிச்சம்.
கதவை அவனே திறந்தான். மூன்றாவது முயற்சியில்.
நாங்கள் பைகளோடு நின்றோம்.
உள்ளே போன கால்கள் சமையலறையில் நின்றன.
பிறகு ஒரு கூச்சல்.

மேசையில் அவன் குவளை.
புறப்பட்ட அவசரத்தில் பாதி குடித்து வைத்த பால்,
ஆடை தடித்து, திரிந்து, ஓரத்தில் நீலம் பூத்து.
குனிந்து முகர்ந்தான். குமட்டினான்.
மறுபடி முகர்ந்தான்.

"லேலோ! என்னுது!
நாறுது! யாருமே எடுக்கல!"

அம்மா என்றில்லை. லேலோ என்றுதான்.
கழுவ எடுத்தேன். விடவில்லை.
நாளைக்கு, என்றான்.
சரி, நாளைக்கு.
உர்மாஸ் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

பனிக்காலணி அலமாரிக்குத் திரும்பியது.
நாய் ஃப்ரிட்ஜுக்கு, தலைகீழாக.
சட்டைப்பையில் அந்த சாஸேஜ் இன்னும் இருக்கிறது.
அதைப் பற்றி
அடுத்த வாரம் பேசிக்கொள்வோம்.