மூன்றரைக் கலியாணம்

தவக்காலத்துக்கு முந்திய சனிக்கிழமைகளில்
இந்தக் கோயிலுக்கு மூளை குழம்பிவிடும்.
இரண்டு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று.
என்னுடையது மூன்றரை.
அடுத்த ஆட்களின் பூ வைக்க
எமில் அண்ணனுக்கு இருபது நிமிசம் வேண்டும்.
நாலே முக்காலுக்கு
சாவிக்கொத்தோடு என் தோளுக்குப் பின்னால் நிற்பார்,
ஒன்றும் சொல்லமாட்டார்,
சாவிதான் சொல்லும்.

கூரை மூன்று மாடி உயரம்.
பிளாஷை மேலே திருப்பி அடித்தால்
மச்சானுக்குக் கொடுத்த கடன் மாதிரி,
போன வெளிச்சம் போனதுதான்.
நற்செய்திக்குப் பிறகு அதுவும் இல்லை என்று பாதர் சொல்லிவிட்டார்.
பீடத்தின் படியில் கால் வைக்கக்கூடாது.
தூணைத் தாண்டக்கூடாது.
இந்தக் கோயிலில் தூணைத் தவிர வேறென்ன இருக்கிறது?

மேற்குச் சுவரில் பச்சை அங்கியோடு ஒரு புனிதர்.
பின்னேரம் முழுக்க அவருடைய பச்சை
பொம்பிளைகளின் கழுத்தில் வழியும்.
ஆனால் அவருடைய முழங்கைக்குக் கீழே ஒரு துண்டு
போன வருசம் உடைந்துபோனது.
காகமோ, பள்ளிக்கூடத்துப் பந்தோ.
காசு சேரும்வரைக்கும் என்று
வெறும் ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.
நிறமில்லாத அந்தத் துண்டுதான்
எனக்குப் புனிதர்.

நாலு பத்துக்கு அதற்குள்ளால் இறங்கும்.
பக்கக் கதவுக்கிட்ட, ஐந்தாவது வாங்குக்கு நேரே,
ஒரு பாய் அகலம்.
பதினொரு நிமிசம் நிற்கும்,
துறைமுகப் பக்கத்து மேகம் விட்டால்.

மூன்று ஐம்பதுக்கு ரொஷேலின் மெசேஜ்:
அக்கா இன்னும் ஐந்து நிமிசம்.
வத்தளைக்காரர் ஐந்து நிமிசம் என்றால்
இன்னும் பாலம் தாண்டவில்லை.
மாப்பிளை கோட்டுக்குள் அவிந்துகொண்டிருந்தார்.
பாடகர் குழு ஒரே பாட்டை மூன்றாம் முறை ஒத்திகை பார்த்தது.
வெளிச்சம் வந்துவிட்டது.
யாருமில்லாத தரையில்
தூசி மட்டும் அலங்காரமாய் எழும்பி நின்றது.

பக்கக் கதவு திறந்தது.
ஐந்து மணிக் கலியாணத்துப் பொம்பிளை.
பயத்தில் வெள்ளெனவே வந்துவிட்டாள்,
ஓட்டோவில், தனிய,
சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு,
மற்றக் கையில் சப்பாத்து.
ஃபேன் எந்தப் பக்கம் என்று தேடி
சரியாக அந்தப் பாயில் வந்து நின்றாள்.

நான் யோசிக்கவில்லை.

‘நான் உங்கட ஆள் இல்லை அக்கா.
எங்களுக்குத் தம்பி போனில எடுப்பான்.’
‘தெரியும். நாடியைக் கொஞ்சம் இறக்கும்.’
மூன்று படம்.
மூன்றாவதில் அவள் சிரிக்கத் தொடங்குகிறாள்,
சப்பாத்தைக் கீழே வைக்க மறந்தபடியே.

நாலு இருபத்தைந்துக்கு ரொஷேல் உள்ளே வந்தபோது
வெளிச்சம் தூணில் ஏறிப் போயிருந்தது.
ஐ.எஸ்.ஓ. பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.
முகமெல்லாம் ரவை.
‘சம்மதம்’ என்ற இடத்தில் எமில் அண்ணனின் சாவி.
முத்தத்தில் பாதருடைய முழங்கை.

ரொஷேலின் அம்மா அல்பத்தைப் புரட்டினா.
‘ஏன் பிள்ளையின்ர கழுத்து பச்சையாக் கிடக்கு?’
‘அது புனிதரின்ர அங்கி அம்மா.’
‘அதை எடுக்கேலாதா?’
எடுத்தேன். இரண்டு இரவு.

அந்த மூன்றாவது படத்தை
ஆமர் வீதியில் பெரிதாக அடித்து,
பெயர் தெரியாததால்
உறையில் ‘ஐந்து மணி’ என்று எழுதி
எமில் அண்ணனிடம் கொண்டுபோனேன்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.
‘வெளிச்சம் வடிவா விழுந்திருக்கு’ என்றார்.
பிறகு சந்தோசமாக,
‘காசு சேந்திட்டுது. பச்சைத் துண்டு
அடுத்த மாசம் வருகுது.’

நல்லது என்றேன்.
பஸ்ஸுக்கு நடக்கும்போது எண்ணிப் பார்த்தேன்.
இன்னும் நாலு சனி.
அதில் மூன்று தவக்காலம்.