சமாளிக்கிறேன்

நூலகத்தின் பின்னறை. செவ்வாய் மட்டும் எங்களுக்கு.
ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்;
அந்தப் பக்கத்து நாற்காலியை
வருகிறவருக்குத் தள்ளிவிடுவேன்.

ஐவர் ப்ராஸர், ஐம்பத்தெட்டு வயது.
ரோண்டா பள்ளத்தாக்கின் வளைவுகளில்
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர்.
பழுப்பு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.
விரல்கள் பிடிக்காததால்தான் கக்கம் என்பது
எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் கேட்பேன், அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

சமைக்க முடிகிறதா?
சமாளிக்கிறேன்.
குளிக்க?
சமாளிக்கிறேன்.
உடுத்த?
பார்த்தால் தெரியவில்லையா என்பதுபோல்
காலரை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

அந்தச் சொல்லுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
எழுதினால் அதை 'முடியும்' என்றுதான் வாசிப்பார்,
சாப்பாட்டு நேரத்துக்குள் இன்னும் ஆறு கோப்பு
முடிக்க வேண்டிய யாரோ ஒருவர்.

பேனாவை மூடினேன்.
"நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?"
"பீன்ஸ்."
"டின்னை யார் திறந்தது?"
ஹீட்டரைப் பார்த்தார்.
"குறடு இருக்கிறது. வளையத்தைக் கவ்வவிட்டு
குறட்டை இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் அழுத்திச் சாத்தி,
டின்னை இரண்டு முன்கையாலும் இழுப்பேன்."
"சூடு பண்ணினீர்களா?"
"பண்ணணும்னு சட்டமா?"

அப்புறம் வந்தது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல.
கெட்டிலில் அரைக் கோப்பைத் தண்ணீர், மேலே போனால் தூக்க வராது.
சட்டைகள் மூன்றுக்கும் பொத்தான் போட்டது
பக்கத்து வீட்டு மெகன், ஆகஸ்டில்;
அன்றிலிருந்து அவிழ்க்காமல் தலைவழியாகவே.
நவம்பரில் குளியல்தொட்டி.
எழ முடியாமல், வெந்நீர் பச்சைத்தண்ணீர் ஆகும்வரை.
சுவருக்கு அப்பால் ரக்பி வர்ணனை, முழு ஆட்டமும்.
"யார் ஜெயித்தது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.
"நாங்கள் இல்லை."
இருவரும் சிரித்தோம். அதைப் படிவத்தில் சேர்க்கவில்லை.

எத்தனை மீட்டர் நடப்பீர்கள்?
மீட்டர் தெரியாது, விளக்குக் கம்பம் தெரியும். இரண்டு.
இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நிற்கணும்,
யாராவது வந்தால் ஃபோன் பார்க்கிற மாதிரி.

அன்று மாலை மழையில் அவர் தெருவுக்குப் போனேன்.
வாசல் கதவிலிருந்து இரண்டாம் கம்பம்வரை
அடிமேல் அடி வைத்து அளந்தேன்.
ஏதோ ஒரு ஜன்னலில் திரை விலகி மூடியது.
நாற்பத்தொன்று.

நாயை மெகனிடம் கொடுத்துவிட்டதைக்
கடைசிப் பக்கத்தில் எழுதட்டுமா என்றேன்.
"நாய் எதற்கு?"
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
எழுதினேன்.

முதல் பதிலில் பூஜ்யம்.
விண்ணப்பதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார்.
கண்ணைப் பார்த்துப் பேசினார். கைகுலுக்கினார்.
அந்தக் கைகுலுக்கலை அவர் மணிக்கட்டு
இரண்டு நாள் மறக்கவில்லை என்பது
அவர்களுக்கு எப்படித் தெரியும்.

மேல்முறையீடு. பதினொரு மாதம்.
மேசைக்கு அந்தப்புறம் மூன்று பேர், நடுவில் ஒரு கண்ணாடிக் கூஜா.
"இதிலிருந்து உங்களால் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியுமா?"
அவர் வாய் பழக்கத்துக்குத் திறந்தது.
'ச' வந்தேவிட்டது, எனக்குக் கேட்டது.
பிறகு அதை விழுங்கினார்.
தொண்டைக்குழி ஏறி இறங்கியது.
"முடியாது."

வெளியே வந்ததும் கோபம், என்மேல்தான்.
"என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டீர்கள்."
நீட்டிய கையைத் தொடவில்லை.
நிறுத்தம் ஒன்றரைக் கம்பத் தூரம்.
அவர் வேகத்திலேயே, இரண்டடி பின்னால்,
கடை ஜன்னல்களைப் பார்ப்பவள்போல நடந்தேன்.

வந்தது அவர் ஓட்டிய அதே தடம்.
ஓட்டுநர் பெண் கண்ணாடியில் பார்த்தாள்,
எதுவும் கேட்காமல் ஒரு பொத்தானை அமுக்கினாள்.
நீளமாய்ப் பெருமூச்சு விட்டு
வண்டி நடைபாதைப் பக்கம் சாய்ந்து தாழ்ந்தது.

"எப்படி இருக்கீங்க, ஐவர்?"

"சமாளிக்கிறேன்" என்றார்,
என்னைத் திரும்பிப் பார்க்காமல்.