ஏசியை அணைத்த பிறகு

ஷார்ஜா, தொழிற்பேட்டை நான்கு.
கீழே டயர்க் கடை, மேலே தையல் கூடம்,
நடுவில் என் ஸ்டூடியோ.
உரிமப் பத்திரத்தில் என் தொழில்
"மின்னணுப் பொருள் பழுதுபார்ப்பு".
பழுது என்னவோ நிறையத்தான் பார்த்தேன்.

முதல் வருஷம் மைக்கை நம்பினேன்.
கழுத்துச் சங்கிலி விற்ற காசு.
டிக்சன் ஹெட்போனில் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"அருமையா இருக்கு.
கீழ ஹைலக்ஸுக்குப் பின்சக்கரம் கழட்டுறது
அப்படியே காதுக்குள்ள கேக்குது."
விலைகூடின மைக், விலைகூடின ஒற்றன்.
அதை விற்றுக் கதவு வாங்கினேன்.
நூற்றிருபது கிலோ.
தூக்கி வந்த நாலு பேரும்
லபன் குடித்தபடி கேட்டார்கள்,
உள்ளே தங்கமா இருக்கு?

டிக்சன் பங்காளி.
ரெண்டாம் வருஷம்
காசோலைப் புத்தகத்தோடு காணாமல் போனான்.
தொகை எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டிருந்த
மூன்று தாள் அதில்.
அந்த மூன்று மாதம்
அழைப்புமணி அடித்தால் மூச்சை அடக்கி நின்றேன்.
சத்தமில்லாமல் நிற்பது எப்படியென்று
அப்போதுதான் படித்தேன்.

பாட்டு சோறு போடவில்லை.
"தமிழுக்கு எண் மூன்றை அழுத்தவும்" போட்டது.
கரப்பான் மருந்து போட்டது.
பணம் அனுப்பும் கடை ஒன்றுக்கு
ஆறு மொழியில் "சற்றுக் காத்திருக்கவும்".
ஆறிலும் என்னைத்தான் காக்க வைத்தார்கள்.

ஜூலையில் ஏசியை அணைத்தால்தான் பதிவு.
நாலு நிமிஷம் தாங்கும் அறை.
ஐந்தாவதில் சுருதி இறங்கும்,
ஆறாவதில் சட்டை.

இருளாண்டி வந்தது நவம்பரில்.
கப்பல் பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவர்,
கமுதிப் பக்கம்.
வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரம்,
எண்பது திர்ஹம், மடித்து மடித்து ஈரமான தாள்கள்.
என்ன பதிவு என்றேன்.
"நீங்க ஆரம்பிங்க" என்றார்.
சிவப்பு விளக்கைப் போட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவர்
செருப்பை ஓரமாய் விட்டார்,
கம்பளத்தில் படுத்தார்.
ஏசி போடவா என்றதற்கு,
"வேணாங்க்கா, அதுவும் பேசுது."

ஐம்பத்தெட்டு நிமிஷம்.
திரையில் கோடு தட்டையாய் ஓடிற்று,
நடுவில் ஒரே ஒரு மேடு:
"இறக்கு, இறக்கு, மெல்ல"
தூக்கத்தில், யாரிடமோ.

எழுந்து முகம் துடைத்துக்கொண்டு பேரம் பேசினார்.
"ஒரு வார்த்தை பேசலியே, பாதி போட்டுக்கக் கூடாதா?"
பேச்சுக்கு இங்கே காசே இல்லை அண்ணே,
பேசாததுக்குத்தான் வாடகை, கதவு, கடன் எல்லாம்.
அறுபதுக்கு முடிந்தது.
எட்டுப் பேர் படுக்கும் அறையில்
எட்டுப் பேருக்கும் எட்டு ஷிப்ட் என்று
போகிறபோக்கில் சொன்னார்.

அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை.
குரலை வெட்டி ஒட்டும் இடங்களில்
சும்மா இருக்கும் அறையின் ஓசையை
இட்டு நிரப்ப வேண்டும்,
இல்லாவிட்டால் காது தடுக்கி விழும்.
அவர் தூங்கிய அறையைப் போல
நல்ல சும்மா எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.
துண்டு துண்டாய் எடுத்து
ஆறு மொழியிலும் தூவினேன்.
கேட்காமல்தான் செய்தேன்.

மாசக் கடைசியில் போன் வந்தது.
"அக்கா, வீட்டுக்குக் காசு அனுப்ப மூணை அழுத்தினேன்.
காத்திருங்கன்னு சொல்லிட்டு
நடுவுல யாரோ மூச்சு விடுறாங்க."
அவ்வளவு சின்ன ஓசை போனில் கேட்காது என்றேன்.
"என் மூச்சு எனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் பேச்சில்லை.
பிறகு அவர்தான் தொழில்காரர்போல் கேட்டார்:
"அப்ப அந்த அறுபது?"

வெள்ளிக்கிழமைகளை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவா, செலவா.
"இதரம்" என்று போடச் சொல்கிறார்
கணக்கர் ஷாநவாஸ்.
இப்போது ஜூன்.
மொட்டைமாடியில் வைத்துக் குழாய்வழி குளிர் இறக்கும்
ஊமை ஏசிக்கு விலை கேட்டிருக்கிறேன்,
பதினோராயிரம்.
சம்பளம் வராத ஒரு வாடிக்கையாளருக்கா என்று
யாரும் கேட்கவில்லை,
நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே தையல் மிஷின்கள்
நாலு மணிக்குத் தொடங்கும்.
இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது.
கதவு மூடியிருக்கிறது.
செருப்பு வெளியே.