பதினாறுக்கு எட்டு

ஐந்து ரோட்டுப் பக்கம் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை.
‘ஏரிக்கரைக் குடியிருப்பு’ என்றுதான் அடித்தேன்.
வட்டச் செயலாளர் மாதையன்
டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:
“குடியிருப்பை எடுத்துரும்மா,
ஆக்கிரமிப்புன்னு போடு.”
ஓர் எழுத்து கூடிற்று.
அளவைக் கொஞ்சம் குறைத்தேன்,
அவ்வளவுதான் என் யோசனை.
மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம்,
பதினாறுக்கு எட்டு, நாற்பது பிரதி.

சிக்னலில் நின்றவர்கள் படித்தார்கள்,
வேறு வேலையில்லாமல்.
பத்தாம் நாள் டவுன் பஸ் கண்டக்டர் சொன்னார்,
பிறகு ரேஷன் வரிசை.
யாரும் யாரையும் திட்டவில்லை.
ஊர்ப்பேர் சொல்வதுபோல்தான் சொன்னார்கள்.

தட்டுவடை செட் போடும் பாவாயி அக்காவை
ரெண்டு நாளாய்க் காணோமே என்றாள் அம்மா.
“அவங்க ஆக்கிரமிப்பாச்சே” என்றேன்,
அந்த அக்காவின் காரச் சட்னியில் வளர்ந்த நாக்கால்.

தேர்தல் முடிந்து
ஏற்காடு அடிவாரத்தில் அவர்களைப் பார்த்தேன்.
கூரைக்கு என் ஃப்ளெக்ஸ்.
வெள்ளைப் பக்கம் மழைக்கு,
எழுத்து உள்ளே.
மல்லாந்து படுத்துக்கொண்டு பாவாயி மகன்
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான்:
ஆ… க்… கி… ர…
அதற்குமேல் கிழிசல்.

அடுத்து என்னக்கா என்று
என்னைக் கேட்டான்.