மற்றவை

பிறந்து ஒன்பதாம் நாள்.
பெயர் வைக்கவில்லை இன்னும்.
கால் பட்டையில் "மாதேவி குழந்தை, ஆண்".
ஏரியூரிலிருந்து நூற்றியெட்டில் வந்தது.
பால் இறங்கவில்லை என்றார்கள்.
இடது கை மட்டும் துடித்தது,
எதையோ எண்ணுவதுபோல.

உச்சந்தலையில், முடிக்கு அடியில்
மூன்று கொப்புளம், ராகியளவு.
அமலோற்பவம் சிஸ்டர்தான் பார்த்தார்,
கொசுக்கடி என்று நாங்கள் சொன்ன பிறகும்
டார்ச்சை அணைக்காமல்.
அந்த ராத்திரியே மருந்து ஏறியது.

நான் டேட்டா என்ட்ரி.
வைத்தியம் தெரியாது, கட்டங்கள் தெரியும்.
மூச்சுத்திணறல், மஞ்சள், எடைக்குறைவு, கிருமித்தொற்று,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
ஐஸ் பெட்டியில் சென்னை போன தண்டுவட நீர்
ஆறாம் நாள் ஒரு சொல்லாகத் திரும்பியது:
ஹெர்ப்பிஸ்.
அதற்குக் கட்டம் இல்லை.
டைப் செய்தால் திரை சிவக்கிறது.
தர்மபுரி ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"மற்றவையில போடும்மா."

"அக்கியா?" என்றாள் மாதேவி.
அவளுக்கு ஒரு புண்ணும் வந்ததில்லை.
யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை,
மாமியார் கேட்டாள், வராந்தாவுக்கே கேட்கும்படி.
"தெரியாது," என்றார் டாக்டர்.
"பலருக்குத் தெரியாமலே உடம்பில் இருக்கும்.
முத்தத்திலும் வரும்."
கூட்டத்தில் ஒருவர்
உதட்டோரத்தை நாக்கால் தடவிக்கொண்டார்.
அதற்கும் கட்டம் இல்லை.

எங்கள் பக்கம் அக்கிக்கு எழுதுவார்கள்.
காவி குழைத்து, புண்ணைச் சுற்றிச் சிங்கம்.
பத்தாம் வகுப்பில் என் தோளிலும் எழுதினார்கள்.
எழுத்துக்கு நோய் பயப்படும் என்றார்கள்,
சிரித்தேன்.
இப்போது மாதம் பிறந்தால்
நானும் எழுதி அனுப்புகிறேன்.

பழைய ரிஜிஸ்டர்களை இறக்கினேன்.
இரண்டாம் வாரம். வலிப்பு.
கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை.
கிருமித்தொற்று என்று எழுதி மூடிய வரிகள்,
பாதி என் கையெழுத்து.
ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன்.
பதினொன்று.
பதினொன்றும் அதுவாக இருக்காது.
ஒன்றுகூட இல்லாமலும் போகலாம்.
யாருக்கும் அனுப்ப முடியாத எண்.

அசைக்ளோவிர் இருபத்தோரு நாள்.
கையில் நரம்பு கிடைக்காமல்
தலையில் ஏற்றினார்கள்.
பதினேழாம் நாள் அழுதான், பசிக்கு,
வார்டே திரும்பிப் பார்க்க.
கண், காது, நடை எல்லாம்
போகப் போகத்தான் தெரியும்,
மாதாமாதம் வரணும் என்றார் டாக்டர்.
தலையாட்டிவிட்டு
பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள்.

கொடுத்தது மேஸ்திரி நம்பர்.
மூன்றாம் மாதம் அடித்தேன்.
கலவை மிஷின் சத்தத்துக்குள்ளிருந்து
"எந்த மாதேவி? இங்க மூணு பேர்."
கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க, என்றேன்.

"மூணு பேருமேதான்."